பெர்சி குடும்பமும் இங்கிலாந்து மன்னர்களின் போர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி, மன்னருக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போருக்குப் போன குடும்பம் பெர்சி. இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் வீரம், துரோகம் என்ற இரண்டோடு முடித்துவிடுகிறார்கள். கூலி எவ்வளவு, யார் தர வேண்டும், எப்போது வந்தது, ஏன் வரவில்லை என்று பார்த்தால்தான் இவர்கள் செய்த பலவும் விளங்கும். அதனால் இந்தப் பக்கத்தில் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

பணத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங், 1 ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக 1 பவுண்டு 240 பென்னி. மார்க் என்பது கணக்குக்கான அலகு மட்டுமே, அந்தப் பெயரில் நாணயம் கிடையாது. 1 மார்க் என்றால் 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.

எல்லாருக்கும் ஹென்றி என்றே பெயர். யார் யார் என்று எப்படிப் பிரிப்பது?

பெயரை விட்டுவிட்டு, இறந்த ஆண்டையும் பட்டத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பனுக்குப் பின் மகன் என்று தொடர்ச்சியாக எட்டு ஹென்றிகள் இருக்கிறார்கள்.

ஆல்னிக் கோட்டையை வாங்கியவர் 1314-இல் இறந்தார். அவர் மகன், நெவில்ஸ் கிராஸ் போரில் படை நடத்தியவர், 1352-இல் இறந்தார். மூன்றாமவர் 1368-இல் இறந்தார். இந்த மூவரும் பிரபுக்கள்தான், ஏர்ல் என்ற உயர்ந்த பட்டம் இவர்களுக்கு இல்லை. நான்காமவர் 1377-இல் நார்தம்பர்லண்டின் முதலாம் ஏர்ல் ஆனார். 1408-இல் போர்க்களத்தில் செத்தார். அவருடைய மூத்த மகன்தான் ஹாட்ஸ்பர் என்று பேர் வாங்கியவர், 1403-இல் கொல்லப்பட்டார். ஹாட்ஸ்பரின் மகன் இரண்டாம் ஏர்ல், 1455-இல் போரில் இறந்தார். மூன்றாம் ஏர்ல் 1461-இல் போரில் இறந்தார். நான்காம் ஏர்ல் 1489-இல் கலகக்காரர்கள் கையில் இறந்தார்.

பலர் வழுக்கும் இடம் ஹாட்ஸ்பர். அவர் ஏர்ல் ஆகவே இல்லை, தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே போய்விட்டார். அதனால்தான் தாத்தா முதலாம் ஏர்ல், பேரன் இரண்டாம் ஏர்ல். “ஹென்றி பெர்சி 1402-இல்” என்று எங்காவது படித்தால் அது தகப்பனா மகனா என்று நின்று பாருங்கள். அந்த ஆண்டில் இருவருமே களத்தில் இருந்தார்கள்.

இவர்கள் முதலிலிருந்தே எல்லைப்புறத்துக்காரர்களா?

இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் டி பெர்சிக்கு யார்க்ஷயரிலும் லிங்கன்ஷயரிலும் நிலம் கிடைத்தது; 1086-இன் டூம்ஸ்டே நிலக்கணக்கில் அது பதிவாகியிருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஆண் வாரிசு அற்றுப்போய், ஆக்னஸ் டி பெர்சி லூவாங்கைச் சேர்ந்த ஜோசலினை மணந்தார். அவர்கள் வழிவந்தவர்கள் தாய்வழிப் பெயரான பெர்சியையே வைத்துக்கொண்டார்கள். 1309-இல்தான் டர்ஹாம் பிஷப் ஆன்டனி பெக்கிடமிருந்து ஆல்னிக்கை வாங்கி எல்லைக்கு நகர்ந்தார்கள். அதற்கு முன்பே, முதலாம் எட்வர்டின் ஸ்காட்லாந்துப் போர்களில் அந்த ஹென்றி பழகியிருந்தார். எங்கே போர் இருக்கிறதோ அங்கேதான் மன்னரின் தயவும் பதவியும் கிடைக்கும் என்று அறிந்தே நிலம் வாங்கியிருக்கிறார் என்பது எங்கள் கருத்து.

நிலம் வைத்திருப்பவர் மன்னருக்குப் படை தர வேண்டியது கடமைதானே? கூலி எதற்கு?

பழைய முறைப்படி, நிலத்துக்கு ஈடாகத் தர வேண்டிய சேவை 40 நாள். எல்லையில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டால் 40 நாளில் பாதி, படை கூடுவதிலேயே கழிந்துவிடும். பிரான்சுக்குக் கப்பலேறும் படைக்கு அது எதற்கும் காணாது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த முறை செத்துவிட்டது. கடைசியாக ஒருமுறை, 1385-இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்புக்கு, பழைய பாணியில் அழைப்பு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இல்லை.

அந்த இடத்துக்கு வந்தது ஒப்பந்தம். பெர்சிகளிடம் இதற்கு ஆரம்பகால உதாரணமே உண்டு. மூன்றாம் எட்வர்ட் ஆட்சியின் தொடக்கத்தில், போரிலும் அமைதியிலும் உடன் இருப்பதற்காக இரண்டாம் தலைமுறை ஹென்றிக்கு ஆண்டுக்கு 500 மார்க் பேசப்பட்டது. 1328-இல் அந்தப் பணத்துக்குப் பதிலாக, ஜான் டி கிளேவரிங் இறந்த பின் அவருடைய நிலங்கள் பெர்சிக்கு வரும் என்று மாற்றி எழுதினார்கள். அப்படி வந்ததுதான் வார்க்வொர்த் கோட்டை. மன்னர் கையில் காசில்லாமல், இன்னொருவர் நிலத்தின் மீதான எதிர்கால உரிமையைக் கொடுத்தார். பெர்சி பொறுமையாகக் காத்திருந்து கோட்டையை அடைந்தார். இந்தக் குடும்பத்துக்கு இந்த வகைப் பேரம் கைவந்த கலை.

படை ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டது?

இன்டென்ச்சர் என்று அதற்குப் பெயர். ஒரே தோலில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள். நடுவே அலையலையாக வெட்டி, ஒரு பாதி மன்னருக்கு, மறு பாதி தலைவருக்கு. தகராறு வந்தால் இரண்டு பாதிகளின் வெட்டையும் ஒட்டவைத்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் ஒன்று போலி.

எத்தனை கவசவீரர், எத்தனை வில்லாளி, எவ்வளவு காலம், எந்தத் துறைமுகத்தில் எந்த நாளில் ஆஜராக வேண்டும், கூலி விகிதம், கப்பல் செலவு யாருடையது, கைதிகளும் கொள்ளையும் எப்படிப் பங்கு என்பதெல்லாம் அதில் வரும். 14-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் போர்க்குதிரைக்கு முன்கூட்டியே விலை மதித்து எழுதிவைப்பார்கள். குதிரை செத்தால் மன்னர் அந்த விலையைத் தர வேண்டும். பிறகு இந்த ஏற்பாடு மறைந்து, குதிரை நட்டம் தலைவர் தலையில் விழுந்தது.

கையெழுத்துக்குப் பிறகு வருவது ஆளெண்ணிக்கை. மன்னரின் எழுத்தர்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வந்திருந்தால் பெயரின் மேல் புள்ளி வைப்பார்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கும். பட்டியலில் உள்ளவர் வராமல் வேறு ஆள் நிற்பார். கவசவீரர் என்று எழுதப்பட்டவரிடம் சரியான கவசம் இருக்காது. முன்பணம் வாங்கியவர் ஓடியிருப்பார். குறைந்த ஆளுக்கான கூலியைக் கருவூலம் பின்னால் கணக்கு முடிக்கும்போது பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கு முடியப் பல ஆண்டுகள் ஆவது சாதாரணம்.

ஒரு ஏர்ல் படை திரட்டினால் எவ்வளவு ஆகும்?

1415-இல் பிரான்சுப் படையெடுப்புக்குப் பேசிய நாள் கூலி இது: ஏர்லுக்கு 6 ஷில்லிங் 8 பென்னி, கொடிதாங்கும் உரிமையுள்ள பெருந்தலைவருக்கு 4 ஷில்லிங், நைட்டுக்கு 2 ஷில்லிங், சாதாரணக் கவசவீரருக்கு 1 ஷில்லிங், வில்லாளிக்கு 6 பென்னி. இதற்கு மேல், ஒவ்வொரு 30 கவசவீரருக்கும் காலாண்டுக்கு 100 மார்க் ஊக்கத்தொகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏர்ல் ஒருவர், நைட்டுகள் 5, கவசவீரர் 54, வில்லாளிகள் 180 என்று வைத்துக்கொள்வோம். கவசவீரர் ஒருவருக்கு மூன்று வில்லாளி என்பது அப்போதைய வழக்கமான விகிதம். நாள் கூலி 8 பவுண்டு 8 பென்னி. 91 நாள் காலாண்டுக்கு 731 பவுண்டு 8 பென்னி. ஏர்லும் நைட்டுகளும் சேர்ந்து கவசவீரர் 60 பேர். ஊக்கத்தொகை 200 மார்க், அதாவது 133 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி. மொத்தம் 864 பவுண்டு 7 ஷில்லிங் 4 பென்னி.

ஒருவர் ஏர்ல் அந்தஸ்தைத் தாங்க ஆண்டுக்கு 1000 மார்க் வருமானம் வேண்டும் என்று மூன்றாம் எட்வர்ட் காலத்தில் கருதினார்கள். அது 666 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி. ஆக நடுத்தரமான இந்தப் படையின் ஒரு காலாண்டுச் செலவே, ஒரு ஏர்லின் ஆண்டு வருமானத்தைத் தாண்டிவிடுகிறது. பெர்சிகளுக்கு வருமானம் இதைவிட அதிகம்தான். ஆனாலும் மன்னரின் பணம் ஓராண்டு தள்ளிப்போனால் யாருடைய சொத்தும் தாங்காது.

1415-இல் முதல் காலாண்டுக் கூலியில் பாதி கையெழுத்தின்போது, மீதி ஆளெண்ணிக்கையின்போது. இரண்டாம் காலாண்டுக்கு ரொக்கமில்லை. அரச நகைகளை அடகாகத் தலைவர்கள் கையில் கொடுத்தார்கள்.

எல்லைக் காவலர் பதவி என்றால் என்ன வேலை?

ஸ்காட்லாந்து எல்லையை ஆங்கிலேயர் கிழக்கு, மேற்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலரை நியமித்தார்கள். கிழக்குப் பகுதிக் காவலரிடம் பெரும்பாலும் பெரிக் நகரமும் சேர்ந்து வரும். ஊரில் 16 முதல் 60 வயது வரை உள்ள ஆண்களைப் படைக்கு அழைக்கலாம். கோட்டைகளுக்கு ஆளும் தானியமும் நிரப்ப வேண்டும். போர்நிறுத்தம் இருக்கும் காலத்தில் எதிர்ப்பக்கக் காவலரைக் குறித்த நாளில் எல்லையில் சந்தித்து, கால்நடைத் திருட்டு, கொலை, தீவைப்பு வழக்குகளை எல்லைச் சட்டப்படி தீர்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வருடத்தில் பல நாட்கள் வாளைவிட வழக்குப் பட்டியலோடுதான் கழிந்தன.

1399-இல் ஹாட்ஸ்பருக்குக் கிழக்கு எல்லைக்கும் பெரிக்குக்கும் பேசிய தொகை அமைதிக் காலத்தில் ஆண்டுக்கு 3000 பவுண்டு, போர்க் காலத்தில் 12,000 பவுண்டு. இது மொத்தத் தொகை. ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணித் தருவதல்ல. காவலர் தன் விருப்பப்படி ஆள் வைத்துக்கொள்ளலாம். எனவே மன்னர் செலவில் தனக்கு விசுவாசமான ஒரு படையைக் காவலர் வளர்க்க முடிந்தது. இந்த ஏற்பாட்டில் இருந்த ஆபத்தை மன்னர்கள் அறியாமலில்லை. ஆனால் அந்தக் குளிரிலும் மேட்டு நிலத்திலும் மக்கள் பேச்சைக் கேட்கும் குடும்பங்கள் இரண்டு மூன்றுதான். அவர்களை விட்டால் ஆளில்லை.

பொறுப்பும் சும்மா இல்லை. 1384 டிசம்பரில் முதலாம் ஏர்லின் பொறுப்பில் இருந்த பெரிக் கோட்டையை, உள்ளே இருந்த துணைக் காவலருக்குக் காசு கொடுத்து ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்தார்கள். ஏர்ல் அப்போது அங்கே இல்லை. ஆனாலும் குற்றம் அவர்மீதே விழுந்தது. முற்றுகையிட்டு, கடைசியில் 2000 மார்க் கொடுத்துக் கோட்டையை மீட்டார்.

மன்னர் எப்படிப் பணம் கொடுத்தார்? ஏன் அது வந்து சேரவில்லை?

இந்தக் குடும்பத்தின் கதையில் நாங்கள் மிக முக்கியமாகக் கருதும் கேள்வி இது.

கருவூலத்தில் ரொக்கம் இருப்பது அபூர்வம். பதிலாகக் கொடுத்தது டாலி என்னும் கணக்குக் கோல். பெரும்பாலும் ஹேசல் மரத்துக் குச்சி. அதில் வெட்டுகள் மூலம் தொகையைக் குறிப்பார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, 100 பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், 20 பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம், 1 பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு, ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிய கீறல், பென்னிக்கு மரத்தை எடுக்காமல் வெறும் கத்திக் கோடு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். இரண்டு பாதியிலும் அதே வெட்டுகள் இருக்கும். பின்னால் ஒருவர் வெட்டைக் கூட்டினால் மற்றப் பாதி காட்டிக்கொடுத்துவிடும்.

பெர்சியின் ஆள் அந்தக் கோலை எடுத்துக்கொண்டு, அதில் பெயர் குறிக்கப்பட்ட வசூல் அதிகாரியிடம் போக வேண்டும். பெரும்பாலும் ஏதாவது துறைமுகத்தில் கம்பளிச் சுங்கம் வசூலிப்பவராக இருப்பார். அவர் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கோலை வாங்கிக்கொள்வார். ஆண்டிறுதியில் கருவூலத்தில் கணக்குக் காட்டும்போது, பணம் கட்டியதற்கு அத்தாட்சியாக அதை நீட்டுவார். லண்டனிலிருந்து நாணய மூட்டையைச் சுமக்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான்.

கெட்டுப்போனது எப்படி? ஒரே துறைமுக வருமானத்தின் மேல் அதன் கொள்ளளவைத் தாண்டிக் கோல்களை வெட்டிக்கொடுத்துவிட்டார்கள். முதலில் போனவருக்குக் கிடைத்தது. பின்னால் போனவர் வெறும் கையோடு, நம் காலத்தில் செக் திரும்புவதைப் போல, கோலைத் திருப்பி எடுத்துவந்தார். மறுபடி கருவூலத்துக்குப் பயணம், பழைய கோல் ரத்து, வேறு அதிகாரி பெயரில் புதுக் கோல். திரும்பி வந்த தொகையை எழுத்தர்கள் ஏட்டில், அந்தப் பிரபு மன்னருக்குக் கொடுத்த கடன் போல எழுதிவைத்தார்கள். இதை அறியாமல் அந்த ஏடுகளைப் படிப்பவர், பெர்சி மன்னருக்கு அள்ளி அள்ளிக் கடன் கொடுத்தார் என்று எண்ணிவிடுவார். அவற்றில் பல வராத கூலி.

மன்னருக்கு நெருக்கமானவர்களுக்கு நல்ல வருமானத்தின் மேல் கோல் கிடைக்கும். தொலைவில் இருப்பவருக்கு வற்றிய கிணறு. எல்லையில் இருந்த பெர்சிகளுக்கு இது எவ்வளவு உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெர்சிகள் பணத்துக்காகக் கடிதம் எழுதினார்களா?

எழுதினார்கள், சில இன்றும் இருக்கின்றன. 1401-இல் ஹாட்ஸ்பர் வட வேல்ஸில் இருந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 1, புனித வெள்ளியன்று, வேல்ஸ் கலகக்காரர்களான டியூடர் சகோதரர்கள் கான்வி கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். முற்றுகையைத் தன் செலவில் நடத்த வேண்டிவந்ததாகவும், பணம் வராவிட்டால் பொறுப்பைத் தொடர முடியாது என்றும் ஹாட்ஸ்பர் அரசவைக்கு மீண்டும் மீண்டும் எழுதினார்.

1403 ஜூன் 26-இல் முதலாம் ஏர்ல் நான்காம் ஹென்றிக்கு எழுதிய கடிதம் இன்னும் கூர்மையானது. முடிசூட்டுக்குப் பின் தானும் மகனும் 60,000 பவுண்டு பெற்றுவிட்டதாகப் பேச்சு அடிபடுகிறது. உண்மையில் 20,000 பவுண்டு பாக்கி இருக்கிறது என்கிறார். எல்லையில் சொன்ன நாளில் பணம் இல்லாவிட்டால் குடும்பத்தின் மானமும் நாட்டின் மானமும் போகும் என்ற கவலையும் அதில் உண்டு. கையெழுத்தில் தன்னை ‘உங்கள் மத்தத்தியாஸ்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். யூதர்களின் விடுதலைப் போரில் தன் மகன்களோடு இறங்கிய கிழவரின் பெயர் அது. அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மகன் மன்னருக்கு எதிராகக் களத்தில் நின்றார்.

போரில் பிடிபட்ட கைதி யாருக்குச் சொந்தம்?

பிடித்தவருக்கு. ஆனால் மீட்புத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய தலைவருக்கு. தலைவர் தனக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கை மன்னருக்குத் தர வேண்டும். தலைவர் தானே பிடித்தால் நேரடியாக மூன்றில் ஒன்று மன்னருக்கு. எதிரி மன்னர், இளவரசர், படைத்தளபதி போன்ற பெருந்தலைகளை மன்னர் எடுத்துக்கொள்ளலாம், தகுந்த ஈடு தர வேண்டும்.

இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 1346 அக்டோபர் 17-இல் நெவில்ஸ் கிராஸ் போரில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் டேவிட் பிடிபட்டார். ஆங்கிலப் படையை நடத்தியவர்களில் பெர்சியும் ஒருவர். டேவிட்டைப் பிடித்த ஜான் கூப்லண்ட் அவரை ஒப்படைத்ததும், மூன்றாம் எட்வர்ட் ஆண்டுக்கு 500 பவுண்டு ஆயுள் மானியம் கொடுத்தார். 1357-இல் டேவிட்டின் மீட்புத் தொகை 1,00,000 மார்க் என்று முடிவானது. மன்னருக்கும் லாபம், பிடித்தவருக்கும் லாபம்.

1402 செப்டம்பர் 14-இல் ஹோமில்டன் குன்றுப் போரில் பெர்சிகள் டக்ளஸ் ஏர்ல், ஃபைஃப் ஏர்லான மர்டாக் உட்படப் பலரைப் பிடித்தார்கள். வில்லாளிகளே பெரும்பாலும் முடித்துவைத்த போர் அது. எட்டு நாளில் நான்காம் ஹென்றியின் ஆணை வந்தது: அனுமதியில்லாமல் எந்தக் கைதியையும் விடுவிக்கக் கூடாது. பிடித்தவரின் உரிமையைப் பறிக்கும் எண்ணமில்லை என்றும் அதிலேயே சொல்லியிருந்தார். சட்டப்படி மன்னர் பக்கமும் நியாயம் உண்டு. ஸ்காட்லாந்துத் தலைவர்கள் கையில் இருந்தால் எல்லை அடங்கும். ஆனால் ஏற்கெனவே கூலி பாக்கி வைத்திருப்பவர், கைக்கு எட்டிய மீட்புத் தொகையையும் நிறுத்திவைக்கிறார். தகப்பனார் தன் கைதிகளை ஒப்படைத்தார். ஹாட்ஸ்பர் டக்ளஸைத் தர மறுத்துவிட்டார்.

1399-இல் நான்காம் ஹென்றியை அரியணை ஏற்றியவர்களே 1403-இல் ஏன் எதிர்த்தார்கள்?

பணம் மட்டும் காரணமில்லை. 1399 ஜூலையில் ஹென்றி ரேவன்ஸ்பர்னில் இறங்கியதும் பெர்சிகள் சேர்ந்துகொண்டார்கள். கான்விக்குப் போய் அப்போதைய மன்னர் இரண்டாம் ரிச்சர்டைப் பேசி வெளியே கொண்டுவந்தவர் முதலாம் ஏர்ல். பலனாக இங்கிலாந்தின் கான்ஸ்டபிள் என்ற உயர்ந்த படைத்துறைப் பதவியும் மேன் தீவும் கிடைத்தன. ஹாட்ஸ்பருக்கு செஸ்டரிலும் வட வேல்ஸிலும் நீதிபதிப் பதவி.

பிறகு கசப்பு சேர்ந்தது. 1402 ஜூனில் எட்மண்ட் மார்ட்டிமர், ஹாட்ஸ்பரின் மனைவி எலிசபெத்தின் சகோதரர், வேல்ஸ் கலகத் தலைவர் ஓவைன் கிளின்டூரிடம் பிடிபட்டார். அவரை மீட்க மன்னர் சம்மதிக்கவில்லை. மார்ட்டிமர் குடும்பத்துக்கு அரியணை உரிமை உண்டு என்பதால் அவர் உள்ளே இருப்பதே மன்னருக்கு வசதி. கடைசியில் மார்ட்டிமர் கிளின்டூரின் மகளையே மணந்து அந்தப் பக்கம் போய்விட்டார். 1403 மார்ச்சில் மன்னர் டக்ளஸ் குடும்பத்தின் ஸ்காட்லாந்து நிலங்களைப் பெர்சிகளுக்கு வழங்கினார். தாராளமாகத் தோன்றும், ஆனால் அவை இன்னும் பிடிக்கப்படாத நிலங்கள். பாக்கிக்குப் பதிலாக, இன்னொரு போருக்கான செலவைக் கொடுத்ததற்குச் சமம்.

1403 கலகம் ஷ்ரூஸ்பரிப் போரில் எங்கே பிசகியது?

நேரத்தில். நான்காம் ஹென்றி அப்போது ஸ்காட்லாந்துப் போரில் பெர்சிகளுக்கு உதவத்தான் படையோடு வடக்கே போய்க்கொண்டிருந்தார். கலகச் செய்தி வந்தபோது படை கையோடு இருந்தது. ஹோமில்டனில் பெர்சிகளுக்குத் துணை நின்ற ஸ்காட்லாந்துத் தலைவர் ஜார்ஜ் டன்பார் இப்போது மன்னர் பக்கம். தாமதிக்காமல் அடிக்கச் சொன்னவர் அவர். மன்னர் படை ஹாட்ஸ்பருக்கு முன்பே ஷ்ரூஸ்பரியை அடைந்துவிட்டது. தகப்பனார் வடக்கிலேயே இருந்தார், வந்து சேரவில்லை. கிளின்டூரும் வரவில்லை.

1403 ஜூலை 21-இல் போர். ஹாட்ஸ்பரிடம் இருந்த செஷயர் வில்லாளிகள் மன்னரின் முன்படையைச் சிதைத்தார்கள். அதை நடத்திய ஸ்டாஃபர்ட் ஏர்ல் செத்தார். 16 வயது இளவரசர் ஹென்றியின் முகத்தில் அம்பு பாய்ந்தது. அதன் முனையைப் பின்னர் ஜான் பிராட்மோர் என்ற மருத்துவர் தானே செய்த கருவியால் எடுத்தார். ஹாட்ஸ்பர் மன்னரை நோக்கி நேராகப் பாய்ந்து, அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அத்தோடு படை உடைந்தது. சித்தப்பா தாமஸ் பெர்சிக்கு இரண்டு நாளில் மரண தண்டனை. ஹாட்ஸ்பர் தப்பிவிட்டார் என்ற வதந்தியை அடக்க, புதைத்த உடலைத் தோண்டியெடுத்து ஊருக்குக் காட்டினார்கள்.

ஹாட்ஸ்பரும் இளவரசர் ஹென்றியும் ஒரே வயதினரா?

இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகம் அவர்களைச் சம வயது எதிரிகளாகக் காட்டுவதால் வரும் குழப்பம். ஹாட்ஸ்பர் 1364-இல் பிறந்தவர், இளவரசர் 1386-இல். ஹாட்ஸ்பர் இளவரசரின் தகப்பனாரைவிடவும் மூத்தவர்.

கலகம் செய்த குடும்பத்துக்கு நிலம் எப்படித் திரும்பியது?

உடனே பறிபோகவில்லை. 1404-இல் முதலாம் ஏர்ல் செய்தது ராஜத்துரோகமல்ல, சிறு குற்றமே என்று பிரபுக்கள் முடிவுசெய்தார்கள். 1405-இல் மறுபடி கலகம். இம்முறை மன்னர் பீரங்கியோடு வந்தார். வார்க்வொர்த் ஏழாவது குண்டோடு பணிந்தது. ஏர்ல் ஸ்காட்லாந்துக்கு ஓடி, 1408 பிப்ரவரி 19-இல் திரும்பிவந்தபோது பிராம்ஹம் மூரில் யார்க்ஷயர் ஷெரிஃப் தாமஸ் ரோக்பியின் படையிடம் தோற்றுக் கொல்லப்பட்டார்.

ஹாட்ஸ்பரின் சிறுவயது மகன் ஸ்காட்லாந்தில் இருந்தார். 1416-இல் ஐந்தாம் ஹென்றி அவரைத் திரும்பப் பெற்று ஏர்ல் ஆக்கினார். அவருக்குப் பண்டமாற்றாக அனுப்பிய கைதி யார் தெரியுமா? ஹோமில்டனில் பிடிபட்ட அதே மர்டாக். பெர்சிகள் மீட்புத் தொகை பார்க்காத கைதியால் அவர்களுடைய வாரிசு வீடு திரும்பினார். ஐந்தாம் ஹென்றி இதைச் செய்தது இரக்கத்தால் மட்டுமல்ல. அவர் பிரான்சில் இருக்கும்போது வடக்கு எல்லையை யாராவது தாங்க வேண்டும்.

ரோஜாப் போர்களில் என்ன ஆனது?

அரியணைக்காக லான்காஸ்டர், யார்க் குடும்பங்கள் மோதிய உள்நாட்டுப் போர்கள் இவை. பெர்சிகள் லான்காஸ்டர் பக்கம் நின்று அழிந்தார்கள். எதிரில் நெவில் குடும்பம். அந்தப் பகை 1453-இல் ஹீவர்த் மூரில் வெளிப்படையாக வெடித்தது. இரண்டாம் ஏர்ல் 1455 மே 22-இல் செயின்ட் ஆல்பன்ஸில் கொல்லப்பட்டார். அவர் மகன்களில் தாமஸ் 1460-இல் நார்தாம்ப்டனிலும், மூன்றாம் ஏர்லும் ரிச்சர்டும் 1461 மார்ச் 29-இல் டௌட்டனிலும், ரால்ஃப் 1464-இல் ஹெட்ஜ்லி மூரிலும் இறந்தார்கள். ஒன்பது ஆண்டில் தகப்பனும் நான்கு மகன்களும். ஏர்ல் பட்டம் 1464-இல் ஜான் நெவிலுக்குப் போனது. 1470-இல் யார்க் குடும்பத்து மன்னர் நான்காம் எட்வர்ட் அதைப் பறித்துப் பெர்சி வாரிசுக்கே திருப்பிக்கொடுத்தார்.

1471-இல் எட்வர்ட் நாடு கடந்துபோய் மீண்டும் கரையிறங்கியபோது, நான்காம் ஏர்ல் படை திரட்டி உதவவில்லை, அசையாமல் இருந்தார். வடக்கே டௌட்டனில் செத்தவர்களின் உறவினர்கள் எட்வர்டை மன்னிக்கவில்லை, அவர்களை அவருக்காகக் கிளப்ப முடியாது. ஆனால் பெர்சி அசையாததால் அவர்களும் எதிர்த்து எழவில்லை. அதுவே பெரிய சேவையாகக் கருதப்பட்டது.

பாஸ்வொர்த்தில் நான்காம் ஏர்ல் துரோகம் செய்தாரா?

1485 ஆகஸ்ட் 22-இல் நடந்த அந்தப் போரில் அவர் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் படையில் இருந்தார். அவர் பிரிவு சண்டையில் இறங்கவில்லை. வேண்டுமென்றே நின்றாரா, களத்தின் அமைப்பால் முன்னேற முடியவில்லையா என்பதில் இரு தரப்பு வாதமும் உண்டு. போரில் வென்று மன்னரான ஏழாம் ஹென்றி அவரைச் சிலகாலம் சிறையில் வைத்துவிட்டு விடுவித்தார் என்பதைக் கவனியுங்கள். முன்பே பேசிவைத்த கூட்டாளியை யாரும் அப்படி நடத்துவதில்லை.

விடுவித்து மறுபடி வடக்கே அனுப்பினார். 1489-இல் பிரிட்டனி (இன்றைய பிரான்சின் வடமேற்குப் பகுதி) போருக்காக நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட 1,00,000 பவுண்டுக்கான வரி யார்க்ஷயரில் எதிர்ப்பைக் கிளப்பியது. ஸ்காட்லாந்து எல்லைச் செலவைச் சுமக்கும் தங்களுக்கு, தெற்கே நடக்கும் போரின் செலவும் எதற்கு என்பது அவர்கள் வாதம். மக்களிடம் பேசப் போன ஏர்லை ஏப்ரல் 28-இல் தர்ஸ்க் அருகே கூட்டம் கொன்றது. அவரிடம் சம்பளம் வாங்கிய ஆட்கள் அருகில் இருந்தும் காக்கவில்லை. வாரிசுக்கு வயது 11. எல்லைக் காவலர் பதவி ஏழாம் ஹென்றியின் மகன் இளவரசர் ஆர்தர் பெயருக்குப் போனது. அவர் சார்பில் வடக்கே போய் வேலையைப் பார்த்தவர் சர்ரே ஏர்ல் தாமஸ் ஹோவர்ட்.